விருந்தாளியின் காரை முதலில் தூக்கியவள்

1

எங்கள் சமையலறை மேசையில் கார் ஏறி இன்றோடு ஒரு வருடம்.

இங்கிலாந்தில் வந்து இறங்கிய நாளைக்கூட நான் இப்படிக் கொண்டாடியதில்லை. அது எந்த மாதம் என்று யாராவது கேட்டால் பாஸ்போர்ட்டைத்தான் தேட வேண்டும். இந்த நாளுக்கோ காலண்டரில் சிவப்பு மையில் ஒரு சக்கரம் வரைந்திருக்கிறது. வரைந்தவள் ஷெரின், என் மகள், பதினைந்து வயது. காலையில் அதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. தோசைக்கல்லில் மாவை ஊற்றிவிட்டு, கல்லைச் சுற்றிக் கரண்டியை வளைவு வளைவாக ஓட்டிக்கொண்டிருந்தேன். தோசை கரிந்தது.

ஊரில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டும். இது நாம் ஏறி உட்காரும் கார் அல்ல. முழங்கையிலிருந்து விரல்நுனிவரை நீளம், நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு. பேட்டரியில் ஓடும், நான்கு சக்கரமும் இழுக்கும். கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு ஒரு மேடையில் நின்று ஓட்டுவோம். டூரிங் கார் என்று பெயர். விரலைச் சற்று அழுத்தினால் போதும், குழித்துறைப் பாலத்தில் ஆள் பார்க்காமல் பறக்கும் தனியார் பஸ்கள் எல்லாம் இதனிடம் பிச்சை வாங்க வேண்டும்.

நான் லில்லிபுஷ்பம். குழித்துறைக்காரி. டெர்பிக்குப் பக்கத்தில் ஒரு சிறு நகரத்தில் இரண்டடுக்குப் பேருந்து ஓட்டுகிறேன். வயது நாற்பத்தெட்டு. கார் வாங்கிய செய்தியைச் சொல்ல, மார்த்தாண்டத்தில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் என் தம்பி ராபினைக் கூப்பிட்டேன்.

"எக்கா, வாரம் முழுக்க பஸ்ஸு ஓட்டுதது போதாதுன்னு இப்ப பொம்மக் காரும் ஓட்டுதியா?"

"பொம்ம இல்லலே. ரேஸ் காரு."

"மண்டைக்காட்டுக் கொடையில அப்பா வாங்கித் தராததுக்குப் பழி தீக்கிய போல."

அவன் விளையாட்டாகச் சொன்னான். ஆனால் உண்மை. மண்டைக்காட்டு அம்மன் திருவிழாவுக்குப் போனாலும் நாங்கள் கோயில் வாசலுக்குப் போவதில்லை, கிறிஸ்தவச் சபைக்காரர்கள். கடைகளுக்கு மட்டும் போவோம். தகரக் காரைச் சாவி முறுக்கி மணலில் விட்டுக் காட்டுவான் கடைக்காரன். ராபினுக்கு ஒன்று கிடைக்கும். எனக்கு வளையல் கிடைக்கும். பஸ்ஸில் திரும்பும்போது வளையல் குலுங்கக் குலுங்க நான் அவன் காரைப் பார்த்துக்கொண்டு வருவேன்.

2

எல்லாவற்றுக்கும் காரணம் கீத் என்ற ஒரு பயணி.

ஓய்வுபெற்ற தபால்காரர். ஞாயிறு காலையில் என் பேருந்தில் ஏறுவார். ஒரு கையில் அலுமினியப் பெட்டி, மற்றதில் பிஸ்கட் டின். டின்னுக்குள் பிஸ்கட் இருக்காது, சின்னச் சின்ன ரப்பர் சக்கரங்கள் இருக்கும். ஒருநாள் கேட்டே விட்டேன், பெட்டியில் என்ன என்று.

"கார்" என்றார்.

"கார் வைத்திருப்பவர் எதற்கு என் பஸ்ஸில் வருகிறீர்கள்?"

பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்தார். இறங்கும்போது, "உனக்கு விடுமுறை உள்ள ஞாயிறு வா. பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் இருப்போம்" என்றார்.

அந்த விடுமுறை ஞாயிறு வந்தது. என் கணவர் செல்வினுக்குக் குளிர்பதனக் கிடங்கில் ஷிப்ட். வீட்டில் நானும் ஷெரினும். நானும் ஷெரினும் என்றா சொன்னேன்? நானும் ஒரு மூடிய கதவும். அந்த வருடம் முழுக்க அவள் என்னிடம் பேசியதை ஒரு தபால் தலையின் பின்புறம் எழுதிவிடலாம். ம். ஓகே. ஃபைன். தமிழ் அவளுக்குப் புரியும். பத்து வயதுவரை பேசவும் செய்தாள். பிறகு ஒரு நாள் பல் விழுவதுபோல் அது விழுந்தது. வலிக்கவில்லை, அழவில்லை, எங்கே விழுந்தது என்று நான்தான் தரையில் தேடிக்கொண்டிருந்தேன். (இந்தக் குறிப்பில் அவள் பேசுவதாக வரும் தமிழெல்லாம் அவள் வாயிலிருந்து ஆங்கிலமாக வந்ததுதான். என் காதில் விழுந்தபடி எழுதுகிறேன்.)

இழுத்துக்கொண்டுதான் போனேன். காதில் ஹெட்போனோடு வந்தாள். அரங்கின் கதவைத் திறந்ததும் ஒரு சத்தம். ஆயிரம் தேனீயை ஒரே குடத்தில் அடைத்துக் குலுக்கியதுபோல. சாம்பல் நிறக் கம்பளம் விரித்த தரையில் எட்டு கார்கள். சிவப்பு, மஞ்சள், வானநீலம். ஒன்றின் வாலை ஒன்று கவ்வ, வளைந்து நெளிந்து, விழுந்து, எழுந்து, மறுபடி பறந்து. திரும்பிப் பார்த்தேன். ஷெரின் ஒரு காதைத் திறந்தாள். பிறகு மற்றக் காதையும்.

"அம்மா, அந்த நீலத்தப் பாரேன்."

மூன்று மாதத்தில் அவளாகத் தொடங்கிய முதல் பேச்சு. நீலக் காரா, பச்சைக் காரா, எனக்கென்ன தெரியும், கண்ணில் தண்ணீர் நின்றது. "பாத்தேன் மக்களே, பாத்தேன்" என்றேன். எங்கள் ஊரில் ஒரே பிள்ளையையும் 'மக்களே' என்றுதான் கூப்பிடுவோம்.

3

பழைய கார் ஒன்று கிடைத்தது. கார் என்றால், ஒரு செருப்புப் பெட்டி நிறைய பாகங்கள். அதைத்தான் மேசையில் கொட்டினோம். பல்சக்கரம், ரப்பர் பெல்ட், சுருள்வில், கடுகளவு ஸ்குரூ. விளக்கப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பார்த்ததும் எனக்கு விசா விண்ணப்பம் நினைவு வந்தது: 'பகுதி ஏ-வில் ஆம் என்றால் பகுதி டி-க்குச் செல்லவும்.' பத்து வருடம் அந்தக் காகிதங்களைப் பூர்த்தி செய்தவளுக்கு இது எம்மாத்திரம்! மூன்று நாள் குனிந்த தலை நிமிரவில்லை. மூன்றாம் நாள் ஒரு ஸ்குரூ குறைந்தது. மேசைக்கடியில் தவழ்ந்து தேடினோம். இரவுச் சாப்பாட்டில் மீன்குழம்பிலிருந்து செல்வின் அதை எடுத்துத் தட்டின் விளிம்பில் வைத்தார். "முள்ளுன்னு நினைச்சேன்" என்று மட்டும் சொன்னார். நல்ல மனிதர்.

மோட்டாருக்கு ஒயர் வைத்து ஈயம் பற்றவைக்க வேண்டும். வீடியோவில் ராபின்.

"எக்கா, ஊதாத. ஊதினா ஈயம் சவத்துப்போவும், ஒட்டாது. பைய. செவப்பும் கறுப்பும் மாத்திராத, கேட்டியா? மாத்தினா முதல்ல புகை வரும், பெறவு மணம் வரும், பெறவு அத்தான் வருவாரு."

ஷெரின் விழுந்து விழுந்து சிரித்தாள். நான்கு வருடமாக மாமாவிடம் "ஹாய், பை" மட்டும் சொன்ன பிள்ளை. அன்று முதல் எந்த ஒயருக்கும் ராபின் மாமாதான். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவதைத் தீப்பிடிக்காத பையில் வைத்துத்தான் செய்ய வேண்டும், பக்கத்திலிருந்து நகரக் கூடாது என்று அவன்தான் சத்தியம் வாங்கினான். பால் காய்ச்சும்போது அடுப்படியில் நிற்பதுபோல நானும் அவளும் மாறி மாறி நின்றோம். சும்மா நிற்க முடியுமா? பேசிக்கொண்டு நின்றோம்.

காரின் மேல்கூடு கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக். அதற்கு உள்பக்கமாகத்தான் வண்ணம் அடிக்க வேண்டும், வெளியே அடித்தால் முதல் மோதலிலேயே உரிந்துவிடும். எனக்கு ஓர் ஆசை. முன்மூடியில் தமிழில் 'குழித்துறை' என்று வேண்டும். உள்ளிருந்து எழுதினால் எழுத்தெல்லாம் இடம்வலமாக மாறும். நான் நான்கு முறை முயன்று நான்கு முறையும் கெடுத்தேன். என் கை ழகரத்தைப் பழகிய திசையிலேயே சுழித்தது. ஷெரின் நான் எழுதிய தாளை ஜன்னல் கண்ணாடியில் பின்பக்கமாக ஒட்டி, பார்த்து வரைந்தாள். ஒரே தடவை. ஒரு பிசிறு இல்லை. எழுத்துத் தெரியாததால்தான் அவ்வளவு சரியாக வரைந்தாள். அவளுக்கு அது படம். கூட்டைத் திருப்பி என்னிடம் காட்டியபோது என் ஊர் பளபளத்தது. மகிழ்ச்சியும் வேறொன்றும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன; மகிழ்ச்சிதான் முதலில் வெளியே வந்தது.

4

கிளப்பில் சேர ஒரு படிவம். இந்த நாட்டில் செத்தால்கூட ஒரு படிவம் நிரப்பிவிட்டுத்தான் சாக முடியும். பெயர், முகவரி, அவசரத்துக்கு யாரை அழைப்பது எல்லாம் எழுதினேன். 'ஓட்டும் அனுபவம்' என்று ஒரு கட்டம். அதில் பெருமையாக எழுதினேன்: 'பதினோரு ஆண்டுகள், இரண்டடுக்கு.'

யார் படித்தார்களோ, என்னைக் கெட்டிக்காரர்களோடு போட்டுவிட்டார்கள்.

ஐந்து நிமிடப் பந்தயம். முதல் வளைவில் என் இடது கை இண்டிகேட்டரைத் தேடியது. சத்தியமாக. இரண்டாம் வளைவில் பின்னால் வந்த மூன்று பேருக்கு ஒதுங்கி வழிவிட்டேன். தொடங்கிய கோட்டுக்குத் திரும்பி வந்தபோது பழக்கதோஷத்தில் மெல்ல பிரேக் பிடித்து நிறுத்தினேன், ஆள் ஏறட்டும் என்று. பின்னால் வந்தவர் என்மேல் ஏறினார். அதற்குமேல் இடமும் வலமும். கார் நம்மைவிட்டுப் போகும்போது இடது என்றால் இடது. அதுவே நம்மை நோக்கி வரும்போது நம் இடது அதற்கு வலது. மூளை சம்மதிக்கும், விரல் சம்மதிக்காது. ஒவ்வொரு தடவை கார் என்னிடம் வந்தபோதும் நான் அதைச் சுவரில் கொண்டுபோய் அடித்தேன். ஒலிபெருக்கியில் கம்ப்யூட்டர் குரல் ஒவ்வொரு சுற்றுக்கும் பெயரைப் படித்தது. புஷ்பத்தை அது பாதியில் வெட்டி, தும்மி, முடித்தது. எட்டுப் பேரில் எட்டாவது. ஷெரின் மேடைக்குக் கீழே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கீத் வந்தார். "வேகமான மோட்டார் வாங்கப் போகாதே. ஐந்து நிமிடம் சுவரில் படாமல் ஓட்டு. முதல் மூன்று மாதத்துக்கு அதுவே வெற்றி. வளைவுக்கு முன்னால் மெதுவாகு. வளைவுக்குள் அல்ல, முன்னால்."

இது எனக்குத் தெரியாததா? திருவட்டாறு போகும் ரப்பர்த் தோட்டத்துச் சாலையில், கல்லூரிக் காலத்தில், ராபினின் ஸ்கூட்டரைத் திருடிக்கொண்டு போய்க் கற்றதல்லவா! சருகில் வழுக்கி இரண்டு முறை விழுந்து, ரப்பர்ப் பால் எடுக்க வந்த பெண்கள் "ஏட்டி, எல்லு முறிஞ்சுதா?" என்று கேட்க, பாவாடையைத் தட்டிவிட்டு மறுபடி ஏறியவள்தானே நான். உடம்புக்குத் தெரிந்ததை விரலுக்குச் சொல்லிக் கொடுக்க மூன்று மாதம் ஆனது. ஷெரினுக்கு மூன்று வாரம்தான். அவளுக்கென்று இன்னொரு பழைய கார் வந்தது. ஆறு மாதத்தில் அவள் என்னைச் சுற்றுக்குச் சுற்று தாண்டினாள். தாண்டும்போது மேடையில் என் தோளை லேசாக இடிப்பாள். உலகத்தில் எந்தத் தாயும் தோற்று இவ்வளவு பூரித்திருக்க மாட்டாள்.

5

இப்போது போன ஞாயிற்றுக்கு வருகிறேன்.

எங்கள் பந்தயத்தில் ஒரு முறை உண்டு. யாருக்கும் இதிலிருந்து விலக்கில்லை. உன் பந்தயம் முடிந்ததும் நீ வீட்டுக்கு ஓட முடியாது. தடத்தின் ஓரத்தில் உனக்குரிய வளைவில் நின்று, அடுத்த பந்தயத்தில் கவிழும் கார்களை நிமிர்த்தி வைக்க வேண்டும். அந்த வேலைக்கு மார்ஷல் என்று பெயர். காலடியில் எது கிடக்கிறதோ அது முதலில். அவ்வளவுதான் விதி.

காலையில் தகுதிச் சுற்றுகள். அதில் முதல் எட்டு இடம் பிடிப்பவர்களுக்கு ஏ இறுதிப்போட்டி. அடுத்த எட்டுப் பேருக்கு பி. மிச்சம் என்னைப் போன்றவர்களுக்கு சி. பி-யில் வெல்பவர் மட்டும் ஏ-யின் கடைசி இடத்தில் ஏறிக்கொள்ளலாம்.

ஷெரின் மூன்று மாதமாக ஏ-யின் வாசலில் நின்றாள். ஒன்பது, பத்து, ஒன்பது. சனிக்கிழமை டயரைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நாளைக்கும் கிடைக்கலன்னா நிறுத்திக்கிறேன் அம்மா. ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமதான் வெளிய போறாங்க."

நான் "ம்" என்றேன். அவளுடைய அந்தப் பழைய "ம்" என் வாயில் வந்து உட்கார்ந்தது. நிறுத்தினால்? டயர் துடைக்க மாட்டாள், பேட்டரிக்குக் காவல் நிற்க மாட்டாள், மாமாவை அழைக்க மாட்டாள். மூடிய கதவு. என் ஞாயிறுகள் மொத்தமும் அந்த எட்டாவது இடத்தில் தொங்கின.

அன்று வேறொரு கிளப்பிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். அதில் ஒருவர் செந்தாடிக்காரர், மலைபோல் உடம்பு, குழந்தைபோல் கூச்சம். காலையிலேயே அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்து, முந்திரிக்கொத்து இரண்டு வைத்தேன். "இது என்ன, பருப்பா, இனிப்பா?" என்று கேட்டு நான்காவதையும் எடுத்தார். எனக்குப் பரம திருப்தி.

கடைசித் தகுதிச் சுற்று. ஷெரின் ஓட்டுகிறாள், நான் மூன்றாம் வளைவில் மார்ஷல். மொத்தக் கணக்கில் ஏழாவது இடத்தில் பறந்துகொண்டிருந்தாள். இன்னும் மூன்றே சுற்று. அப்போது செந்தாடிக்காரரின் காரும் அவள் காரும் உரசி, இரண்டும் கவிழ்ந்தன. ஷெரினின் கார் உருண்டு வந்து என் ஷூவில் 'டொக்' என்று தட்டி நின்றது. அவர் கார் நான்கு எட்டு தள்ளி.

நான் என்ன செய்தேன் தெரியுமா?

என் மகளின் காரைத் தாண்டிப் போனேன். விருந்தாளியின் காரைத் தூக்கினேன். முகம் எந்தப் பக்கம் என்று பார்த்து, பதமாக வைத்தேன். வைப்பதற்கு முன் சட்டைக் கையால் ஒரு துடைப்பு வேறு! பிறகுதான் திரும்பி ஓடிவந்து அவளுடையதை நிமிர்த்தினேன். மொத்தம் நான்கைந்து வினாடி இருக்கும். இந்த விளையாட்டில் அது ஒரு ஜென்மம்.

ஷெரின் ஒன்பதாவது.

6

மேடையிலிருந்து இறங்கி, என்னைப் பார்க்காமல், வெளியே நிறுத்தியிருந்த எங்கள் நிஜக் காரில் போய் உட்கார்ந்துகொண்டாள். மழை. சப்பாத்தி டப்பாவோடு போய்ப் பக்கத்தில் ஏறினேன்.

"சாப்பிடு மக்களே."

"உன் ஷூவில தட்டிச்சு அம்மா. நான் மேல இருந்து பார்த்தேன். நீ அதத் தாண்டிப் போன."

"அவரு விருந்தாளுல்லா மக்களே..."

"அதனால?"

எப்படிச் சொல்வது! எங்கள் ஊர்க் கல்யாண வீட்டைச் சொன்னேன். இலை போட்டுப் பந்தி பந்தியாக உட்காருவார்கள். வந்தவர்கள் முதல் பந்தி. வீட்டுக்காரர்கள் விளம்ப வேண்டும், அதாவது பரிமாற வேண்டும், சோறு, பருப்பு, துவரன், எரிசேரி, பாயசம். வந்தவன் வயிறு நிறையாமல் வீட்டுக்காரன் வாயில் தண்ணீர்கூடப் படக் கூடாது. கை தன்னால் விருந்தாளி இலைக்குத்தான் போகும். "எனக்கக் காலு யோசிக்கல்ல மக்களே. அதுபாட்டுக்குப் போச்சு."

"வீட்டுப் பிள்ளைங்க?"

"கடைசிப் பந்தி."

"அவங்களுக்குப் பசிக்காதா?"

மழை கண்ணாடியில் அடித்தது. அந்த நொடியில் எனக்கு மறுபடி ஒன்பது வயது. பெரியம்மா மகளின் கல்யாணம். பந்தல் துணிக்குப் பின்னால் நிற்கிறேன். அடைப் பிரதமன் பாயசத்தின் வாசம் வந்து மூக்கைப் பிடித்து இழுக்கிறது. ஒரு பந்தி. இரண்டாம் பந்தி. மூன்றாவது. யாரோ ஒருவருடைய பிள்ளைகள் இலையில் பழத்தைப் பிசைந்து பாயசத்தை வழித்து நக்குகிறார்கள். நான் ஒரு பப்படத்தைத் திருடி, தலையில் குட்டு வாங்குகிறேன். எங்கள் பந்தி வரும்போது பிரதமன் தீர்ந்துவிட்டது. "நம்ம பிள்ளையதானே, ஒண்ணும் நினைக்காது" என்று யாரோ என் தலைக்கு மேலே சொல்கிறார்கள்.

நான் நினைத்தேனே! முப்பத்தொன்பது வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேனே! மரியாதை என்று நான் இத்தனை கடலைத் தாண்டித் தூக்கிவந்த மூட்டைக்குள் பாதி அந்தப் பசிதான் இருந்தது. இதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவளிடம் சொன்னேன்.

"அப்ப நீ என்ன பண்ணின?"

"இலையில வச்ச பப்படத்த நொறுக்கி எறிஞ்சேன். பெரியம்மாக்க கொண்டையில போயி விழுந்துது."

ஷெரினின் உதடு நெளிந்தது. ஒரு சப்பாத்தியை எடுத்தாள்.

"நானும் கோவமாத்தான் இருக்கேன்" என்றாள் வாய் நிறைய.

"இரு. நல்லா இரு."

சாப்பிட்டு முடித்து, நேராகக் கீத்திடம் போனாள். பி பந்தயத்தில் அம்மாவை வேறு வளைவில் நிறுத்த முடியுமா என்று கேட்டாள். நான் கேட்கும் தூரத்தில்தான். கீத் அன்று பி-யில் அவளோடு ஓட்டுபவர், கிளப்பின் செயலாளரும்கூட. "சி ஓட்டியவர்கள் பி-க்கு நிற்க வேண்டும். கார் எண் எதுவோ அந்த வளைவு. உன் அம்மாவின் எண் மூன்று" என்றார். அவ்வளவுதான். மறுபடி அதே இடம்.

7

சி பந்தயத்தில் நான் ஐந்தாவது வந்தேன். அதை யாரும் கேட்கப் போவதில்லை, நானே சொல்லிவிடுகிறேன்.

பி. ஷெரின் முதல் வரிசையில் முதல் கார். கீத் இரண்டாவது. நான் மூன்றாம் வளைவில், கால் இரண்டையும் அகட்டி, கபடிக்காரி மாதிரி. மனதில் ஒரே சபதம். இந்த முறை என் பிள்ளைக்குத்தான் முதல் இலை!

'டீங்' என்றது. எட்டு கார்களும் ஒரே மூச்சாகப் பாய்ந்தன. அம்மோ, அந்த ஓட்டம்! முதல் இரண்டு நிமிடம் ஷெரின் முன்னால். மூன்றாவது நிமிடத்தில் கீத் உள்பக்கமாகப் புகுந்து தாண்டினார். இவள் விடவில்லை. வாலில் ஒட்டிக்கொண்டாள். வளைவு ஒன்று, இரண்டு, என்னை நோக்கி இரண்டும் மின்னலாக வருகின்றன. ஷெரின் பிரேக் பிடிக்க ஓர் இமைப்பொழுது தாமதித்தாள். பின்னாலிருந்து கீத்தின் காரை இடித்தாள். இரண்டும் பறந்தன. ஆம், பறந்தன, வயிற்றைக் காட்டிக்கொண்டு.

கீத்தின் கார் என் காலடியில் விழுந்தது. ஷெரினுடையது நான்கு எட்டு தள்ளி.

நான் கீத்தின் காரைத் தாண்டிப் பாய்ந்தேன். ஷெரினின் காரைத் தூக்கி நேராக வைத்தேன். ஒலிபெருக்கி கனைத்தது: "மூன்றாம் வளைவு மார்ஷல், காலடியில் கிடப்பது முதலில், தயவுசெய்து." அரங்கமே சிரித்தது. செந்தாடிக்காரர் கை தட்டினார். சிரிக்கட்டும்! வைத்தாயிற்று. நான்கு சக்கரமும் தரையில்.

கார் நகரவில்லை.

மேடையைப் பார்த்தேன். ஷெரின் ரிமோட்டைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

"ஓட்டு ஏட்டி! எதுக்கு நிக்கிய? ஓட்டு!"

எங்களைத் தாண்டி ஒரு கார் போனது. இன்னொன்று. அவள் மோவாயால் கீத்தின் காரைக் காட்டினாள். காட்டிக்கொண்டே நின்றாள். எனக்கு எதுவும் விளங்கவில்லை, ஆனாலும் ஓடினேன், கீத்தின் காரை நிமிர்த்தினேன். அது சீறிக்கொண்டு போனது. அது போன பிறகுதான் ஷெரினின் கார் புறப்பட்டது.

அதற்குப் பிறகு அவள் ஓட்டினாள் பாருங்கள்! சுவருக்கும் காருக்கும் நடுவே ஒரு தாள் நுழையாது. ஒருவரைத் தாண்டினாள். அடுத்தவரையும் தாண்டினாள். கடைசிச் சுற்றில் கீத்துக்குப் பின்னால், இரண்டு கை தூரம், ஒரு கை, ஒரு சாண். மார்ஷல்கள் கத்தக் கூடாது. நான் கத்தினேன். அந்தக் கம்பளத்தில் எந்தக் காலத்திலும் விழாத சொற்களையெல்லாம் கத்தினேன்.

ஒரு சாணில் கீத் வென்றார். ஏ-க்கு அவர் போனார். ஷெரின் இரண்டாவது.

8

வீட்டுக்குத் திரும்பினோம். மழை விட்டு, சாலை முழுக்க மாலை வெயில் ஈரமாகக் கிடந்தது. செல்போனை நோண்டியபடி வந்தாள். நிறுத்திவிடுவாளா என்று கேட்கவும் பயம், கேட்காமலிருக்கவும் முடியவில்லை. வேறு எதையோ கேட்டேன்.

"நீ ஏன் மக்களே நின்ன? வந்தவனுக்கு முதல்லன்னு நான் சொன்னதுனாலயா?" உள்ளுக்குள் எனக்குப் பெருமை பொங்கிக்கொண்டிருந்தது. "அது உனக்க ரத்தத்துல உள்ளதாக்கும். நம்ம ஊருக்க..."

"அம்மா. நான்தான் பின்னாலருந்து இடிச்சேன். இடிச்சவங்க காத்திருக்கணும், இடிபட்டவர் கிளம்புறவரைக்கும். ரூல் புக்ல நாலாவது பக்கம். நீ படிக்கவே இல்லையா?"

"இல்ல."

"ஒரு வருஷமா?"

"படம் மட்டும் பாத்தேன்."

"இன்னிக்கு நீ ரெண்டு தடவையும் தப்பு. தெரியுமா? ரெண்டு தடவையும்." கையை உயர்த்தி இரண்டு விரலைக் காட்டினாள். காட்டிய கையைக் கீழே போடாமல் ஜன்னலில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். பிறகு போனைப் பார்த்துக்கொண்டே, ஏதோ கடைக்குப் போவதைச் சொல்வதுபோலச் சொன்னாள்: "பின் பெல்ட் தேஞ்சுபோச்சு. அடுத்த ரேஸுக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்தணும். ராபின் மாமா எப்ப கடை மூடுவாங்க?"

வெள்ளிக்கிழமைக்குள்!

எங்கள் நகரத்து நுழைவில் ஒரு பெரிய ரவுண்டானா இருக்கிறது. பன்னிரண்டு வருடமாகத் தினமும் அதில் பஸ்ஸை வளைக்கிறேன். எங்கள் வீட்டுக்கு இரண்டாவது பிரிவு. அந்தப் பிரிவு வந்தது, போனது. நான் திரும்பவில்லை. சுற்றினேன். சக்கரம் ஈரத்தில் 'ஷ்ஷ்' என்றது. மறுபடி எங்கள் பிரிவு வந்தது. மறுபடி விட்டுவிட்டேன். நடுவிலிருந்த புல்திட்டும், அதிலிருந்த மஞ்சள் பூக்களும், எதிர்ப்பக்கத்துப் பெட்ரோல் பங்கும், ஆகாயமும் எல்லாம் என்னோடு சேர்ந்து சுற்றின.

ஷெரின் நிமிர்ந்தாள். பிரிவுப் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. போனில் எதையோ தட்டினாள். நேரம் ஓடும் எண்கள் தெரிந்தன.

"ரெண்டாவது சுத்து மோசம் அம்மா. வளைவுக்குள்ள பிரேக் பிடிக்கிற. இன்னொண்ணு போ."